எழுபதாயிரம் ரூபாய்க்குள் எல்லாவற்றுக்கும் ஒரு கேமரா: எதை வாங்குவது?

திருநெல்வேலியிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேமராவுக்கென்று 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மகளுக்கு ஜனவரியில் பரதநாட்டிய அரங்கேற்றம். பள்ளி ஆண்டு விழாவையும் நான்தான் படமெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூந்தன்குளம் போய்ப் பறவைகளைப் பார்ப்பது வழக்கம். வருடத்துக்கு ஒரு முறை குடும்பப் பயணம். எப்போதாவது வீடியோ. இவை எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா வேண்டும். நண்பர் ஃபுல் ஃபிரேம் வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் ஜூம் அதிகமுள்ள ஒன்றைக் காட்டுகிறார். என் மனைவி, கைபேசி போதாதா என்கிறார். தீபாவளித் தள்ளுபடி வரை காத்திருக்கலாமா?"

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மூவரில் அவர் கேட்டதுதான் அடிப்படையான கேள்வி. நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் இருக்கும் ஆட்களையும் கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் எடுக்க இன்றைய கைபேசி போதும். குற்றாலத்தில் குடும்பத்தை நிற்க வைத்து எடுக்கும் படத்துக்காக எழுபதாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை. கைபேசி ஒரு படத்துக்காகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றாக்கி, இரைச்சலை (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை) குறைத்துத் தருகிறது. அசையாத பொருளுக்கு இந்த உத்தி அபாரமாக வேலை செய்யும். ஆனால் மங்கலான மேடையில் சுழன்று ஆடும் பெண்ணின் கை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். அவற்றை ஒன்றாக்கினால் விரல்கள் கரைந்துபோகும். தொலைவில் இருக்கும் பறவைக்கும் இதே கதிதான். கைபேசியில் தொலைவை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) முதன்மை கேமராவில் இருப்பதைவிடச் சிறியது. திரையில் பறவை போலத் தெரிவது பெரிதாக்கினால் வரைந்த ஓவியம்போல் ஆகிவிடும்.

ஆக, உங்கள் பட்டியலில் பயணத்தைக் கைபேசியிடம் விட்டுவிடலாம். கேமரா வாங்குவது இரண்டு காரியங்களுக்காக: மங்கலான வெளிச்சத்தில் அசையும் மனிதர்கள், தொலைவில் இருக்கும் பறவைகள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் கேமராவைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் எளிய வேலைகளை மனத்தில் வைத்துத் தேடுகிறார்கள். எளிய வேலையை எந்தக் கேமராவும் செய்துவிடும். நீங்கள் திரும்பத் திரும்ப எடுக்கப்போகும் படங்களில் மிகக் கடினமானது எதுவோ அதற்குத் தகுந்ததை வாங்க வேண்டும். மற்றவை தாமாக அதற்குள் அடங்கிவிடும். உங்களுக்கு மிகக் கடினமானது மேடை.

மேடைக்கு என்ன வேண்டும் என்று பார்க்கலாம். நான் நடன நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். ஒரு தீர்மானம் (ஒரு பகுதியை முடித்துவைக்கும் அடவுக் கோவை) முடிந்து ஆடுபவர் நிலைகொள்ளும் கணத்துக்கு ஷட்டர் வேகம், அதாவது சென்சாரில் வெளிச்சம் படும் நேரம், நொடியில் 125இல் ஒரு பங்கு போதும். ஜதிக்கு ஆடும்போது 250இல் ஒரு பங்காவது வேண்டும். குதித்து இறங்கும் அடவுகளுக்கு 500இல் ஒரு பங்கு. இந்த வேகத்தில் சென்சாருக்குள் போகும் வெளிச்சம் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட இரண்டு வழிகள்தான் உண்டு: லென்ஸ் வாயை அகலத் திறப்பது, அல்லது ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை உயர்த்துவது; அதை உயர்த்தினால் இரைச்சலும் கூடும்.

கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் வாய் எஃப் 5.6 அல்லது 6.3 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் போட்டால், எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வாய் பெரிதாகிறது. வெளிச்சம் அந்த எண்ணின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் கூடும். நடைமுறையில் இதன் பொருள்: எஃப் 1.8இல் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுக்கக்கூடிய படத்தை, கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 16,000 வைத்துத்தான் எடுக்க முடியும். ஐஎஸ்ஓ 1600இல் பட்டுப்புடவையின் சரிகை தனித்தனி இழையாகத் தெரியும். 16,000இல் அது மஞ்சள் பட்டையாகிவிடும். இந்த வேறுபாட்டை உண்டாக்கும் லென்ஸின் விலை, கேனனின் பழைய வகை மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயமைப்பில்), பத்தாயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. அதே அளவு மேம்பாட்டைப் பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றிப் பெற நினைத்தால் லட்சங்கள் செலவாகும், அப்போதும் முழுதாகக் கிடைக்காது. எனவே உங்களிடம் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: எழுபதாயிரத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் போகக்கூடாது. மீதி முப்பதாயிரம் மற்ற லென்ஸ்களுக்கும் சில்லறைப் பொருள்களுக்கும் வேண்டும். பெரும்பாலானோர் முழுத் தொகையையும் பாடியில் போட்டுவிட்டு, கிட் லென்ஸோடு அரங்கேற்றத்துக்குப் போய் நிற்கிறார்கள். என்னிடம் படம் காட்டி "கேமரா சரியில்லையோ" என்று கேட்பவர்களில் அநேகர் இவர்கள்தான். அவர்கள் கேமராவில் ஒரு குறையும் இருப்பதில்லை.

இனி நண்பர் சொன்ன ஃபுல் ஃபிரேம். அந்தச் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. அதற்கு அடுத்தபடியான ஏபிஎஸ்-சி, கேனனில் 22.3க்கு 14.9 மி.மீ.; நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் ஆகியவற்றில் சற்றுப் பெரிதாக ஏறத்தாழ 23.5க்கு 15.6. பரப்பளவில் ஃபுல் ஃபிரேம் இரண்டரை மடங்கு பெரியது என்பதால் மங்கல் வெளிச்சத்தில் அதன் படம் தெளிவாக இருக்கும், உண்மை. ஆனால் உங்கள் தொகையில் பழைய ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்று கிடைத்தாலும் லென்ஸுக்குப் பணம் மிஞ்சாது. பறவைக்கும் அது பாதகம். 250 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேனனில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கத்துக்கு நிஜமாகவே 400 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும், அதைத் தோளில் சுமக்கவும் வேண்டும். உங்கள் நண்பர் ஒருவேளை திருமணப் படமெடுக்கும் தொழிலில் இருக்கலாம். அந்த வேலைக்கு அவர் சொல்வது சரி.

மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். நம் ஊர் ஆல்பம் அச்சகங்கள் போடும் 12க்கு 18 அங்குலப் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில்கூட 5400க்கு 3600 போதும். நிக்கான் இசட்50இன் 20.9 மெகாபிக்சலும் அதைத் தாண்டிவிடுகிறது.

கடைக்காரர் காட்டியது சூப்பர்ஜூம் வகை. நிக்கான் பி950 போன்றவை 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரைக்கு இணையாக, 83 மடங்கு ஜூம் தருகின்றன. பகல் வெயிலில் குளத்தின் மறுகரையில் நிற்கும் பறவையை அடையாளம் காண இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை. பறவை ஆர்வலர்கள் பலர் இதைக் கையில் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பறவை ஒன்றே உங்கள் விருப்பமாக இருந்திருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதனுள் இருக்கும் சென்சார் 6.2க்கு 4.6 மி.மீ. அளவுதான். பரப்பளவில் ஏபிஎஸ்-சியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நல்ல கைபேசிகளின் முதன்மை சென்சாரைவிடவும் சிறியது. அந்திவெளிச்சத்திலேயே தடுமாறத் தொடங்கிவிடும். அரங்கேற்ற மேடையில் அது உங்களைக் கைவிட்டுவிடும். ஜூம் மடங்கு என்பது விற்பனைக்கு வசதியான எண். இருட்டில் அந்த எண்ணால் பயனில்லை.

சரி, 250 மி.மீ. கூந்தன்குளத்துக்குப் போதுமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேனன் ஏபிஎஸ்-சி பாடியில் 250 மி.மீ. லென்ஸ், இருபது மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள பரப்பை அடக்கும். மஞ்சள்மூக்கு நாரை ஒரு மீட்டரை ஒட்டிய உயரம். இருபது மீட்டரில் அது படத்தை நிறைத்துவிடும். கூந்தன்குளத்தின் தனிச்சிறப்பே பறவைகள் ஊருக்குள் வீட்டுப் புழக்கடை மரங்களில் கூடு கட்டுவதுதான். ஊர்மக்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகள்போல் காப்பதால், அவை மனித நடமாட்டத்துக்கு அஞ்சுவதில்லை. நாரையும் கூழைக்கடாவும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை 250 மி.மீட்டரில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் குளத்தின் நடுவே நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பட்டைத்தலை வாத்தோ பூநாரையோ, ஒன்பது மீட்டர் அகலக் காட்சியில் சிறு உருவமாகத்தான் விழும். அதைக் கூட்டத்தோடும் நீரோடும் சேர்த்து ஒரு நிலக்காட்சியாக எடுக்கப் பழகுங்கள், அதுவும் அழகுதான். பத்து சென்டிமீட்டர் தேன்சிட்டை எடுக்க வேண்டுமானால் ஐந்து மீட்டருக்குள் நெருங்க வேண்டும். வீட்டுச் செம்பருத்திச் செடியருகே காத்திருந்தால் அதுவும் நடக்கும்.

மேடைக்கும் இதே கணக்கைப் போடலாம். 50 மி.மீ. லென்ஸில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஐந்து மீட்டர் தொலைவில் 2.2 மீட்டர் உயரம் அடங்கும். தலைக்கு மேல் உயர்த்திய கையும் பாதமும் அதில் சரியாகப் பொருந்தும். எனவே அரங்கேற்றத்தன்று உங்கள் இடம் மேடையிலிருந்து ஐந்து, ஆறு மீட்டரில் இருக்க வேண்டும். தந்தை என்பதால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும். மற்றவர்களின் நிகழ்ச்சியில் எட்டு ஒன்பது மீட்டர் பின்னால் உட்கார நேர்ந்தால் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான் பொருத்தம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்கு அருகே சென்று எடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கும் என்பதால் 50 மி.மீ. அங்கும் போதும். இருபது பிள்ளைகள் வரிசையாக ஆடும் குழு நடனத்துக்குக் கிட் லென்ஸின் அகலக் கோணம் கைகொடுக்கும்.

இப்போது பெயர் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் தொகைக்கும் தேவைக்கும் நான் முதலில் சொல்வது கேனன் இஓஎஸ் 200டி-2, கிட் லென்ஸோடு, நல்ல நிலையில் உள்ள பழையது. அதனுடன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் புதியது. இஎஃப்-எஸ் 55-250 மி.மீ. எஸ்டிஎம் பழையது. 200டி-2 வெளிவந்தது 2019இல். 24.1 மெகாபிக்சல், பேட்டரியோடு எடை 449 கிராம். இது உள்ளே காட்சியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகை. "அந்த வகை முடிந்துவிட்டதே" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் அறிமுகப்படுத்தவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் பழைய சந்தையில் இவை விலை இறங்கிக் கிடைக்கின்றன. பல ஆண்டுகளாக விற்ற, பழைய மவுண்டுக்கான இஎஃப் லென்ஸ்கள் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. நாளைக்கு நீங்கள் அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகையான கேனன் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும், ஓர் அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களைத் தானியங்கி ஃபோகஸோடு பயன்படுத்தலாம். அதில் தரம் குறையாது, ஏனென்றால் அந்த அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை.

200டி-2இல் ஒரு விஷயத்தைத் தெரிந்து வாங்குங்கள். கண்ணை ஒட்டிப் பார்க்கும் துளையான வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது அதற்கு ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் மட்டுமே. திரையைப் பார்த்து எடுக்கும்போது சென்சாரே ஃபோகஸ் செய்வதால் முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துத் தொடரும். எனவே மேடையில் திரை வழியாக எடுங்கள், கூந்தன்குளத்து வெயிலில் வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். இரண்டு முறைகளுக்கும் கை பழகச் சில வாரங்கள் ஆகும்.

பழையது வேண்டாம், புதிதாக வாரண்டியோடுதான் வாங்குவேன் என்றால் கேனன் இஓஎஸ் ஆர்50. 2023இல் வந்த மிரர்லெஸ், 24.2 மெகாபிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து 375 கிராம். ஃபோகஸ் விஷயத்தில் இது 200டி-2ஐவிட ஒரு தலைமுறை முன்னால் நிற்கிறது. மனிதரை மட்டுமல்லாமல் பறவையையும் அடையாளம் கண்டு தொடர்கிறது. ஆனால் இதைக் கிட் லென்ஸோடு வாங்கினால் உங்கள் தொகை பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும், 18-45 கிட் லென்ஸோ ஜூம் முனையில் எஃப் 6.3. அப்படியானால் கடையில் கிட் இல்லாமல் பாடியை மட்டும் கேளுங்கள். அதனுடன் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றை மட்டும் வாங்கி, அகலக் கோணத்தைக் கைபேசியிடம் விட்டுவிட்டு, பறவை லென்ஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஒரே லென்ஸோடு ஓராண்டு எடுப்பது கற்பதற்கும் நல்லது. இதன் தம்பியான ஆர்100ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொடுதிரை இல்லை, திரை திரும்பாது, உள்ளிருக்கும் செயலியும் பழையது. மிச்சமாகும் தொகைக்கு இந்த இழப்புகள் அதிகம்.

நிக்கானில் பழைய இசட்50, அதன் 16-50, 50-250 இரட்டை லென்ஸ் கிட்டோடு கிடைத்தால் நல்ல வாங்கல். பிடிமானம் உறுதி, 50-250 அதன் எடைக்கு வியக்கத்தக்க கூர்மை. ஆனால் மேடைக்கு எஃப் 2 அல்லது அதைவிட அகலமான லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். கடையில் இரட்டை லென்ஸ் கிட்டைக் காட்டி "இனி எதுவும் வேண்டாம்" என்பார்கள். இரண்டு லென்ஸ்களுமே மங்கல் வெளிச்சத்துக்கு ஆகாதவை. சோனி ஏ6400இன் ஃபோகஸ் மிகத் திறமையானது. சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இலேயே பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்குக் குறைவில்லை. சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 மேடைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் பாடியும் அந்த லென்ஸும் சேர்த்தால் உங்கள் வரம்பு தாண்டும். ஃபியூஜிஃபிலிம் கேமராக்களின் நிறங்கள் எனக்குப் பிடித்தமானவை. அவற்றின் விலை உங்கள் கணக்குக்குள் வராது.

நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர்களான டி3500, டி5600 யாராவது தந்தால் ஓர் எச்சரிக்கை. இவற்றின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. வீட்டில் இருக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்களை மட்டும் வாங்குங்கள்.

பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் போகும். முதலில் லென்ஸ். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்துக்கு லென்ஸ் கண்ணாடியின்மேல் பூஞ்சை பிடிப்பது மிகச் சாதாரணம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைகள் தெரிந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்தாலும் பூச்சில் தடம் விழுந்திருக்கும், திரும்ப வரவும் கூடும். நாலைந்து தூசுத் துகள்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை படத்தில் தெரியாது. அடுத்து சென்சார். அபெர்ச்சரை (லென்ஸ் வாயின் திறப்பை) எஃப் 16க்கு வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் சில இருந்தால் அது தூசு, துடைத்தால் போகும். கோடோ கீறலோ இருந்தால் போகாது.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை நிக்கான் கேமராக்கள் ஒவ்வொரு படக் கோப்பிலும் பதிவுசெய்கின்றன. கேனனில் பெரும்பாலும் அது கோப்பில் இருக்காது. தனி மென்பொருள் வேண்டும். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் முறைக்கு நம்பகமானது. முப்பதாயிரத்துக்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். பேட்டரியை வெளியே எடுத்து, வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு செருகும் இடம் சேதமாகியிருக்கிறதா, திரை முழுதாகத் திரும்புகிறதா, கைப்பிடி ரப்பர் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, பாடியில் இருக்கும் வரிசை எண்ணும் மூல பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பில் இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் பணத்தோடு மன அமைதியும் போய்விடும்.

புதிதாக வாங்கினாலும் பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2019 ஜனவரிக்கு முன்பு 28 ஆக இருந்தது. சந்தை விலையைவிடப் பல ஆயிரம் குறைத்து ஒருவர் தருகிறார் என்றால், அது வேறு நாட்டுக்கென்று அனுப்பப்பட்ட சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இந்திய வாரண்டி கிடைக்காது. பெட்டிக்குள் இந்திய நிறுவனத்தின் வாரண்டி அட்டை இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

வீடியோவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எப்போதாவது என்பதால் இதற்காகத் தேர்வை மாற்ற வேண்டாம். 200டி-2இல் 4கே இருக்கிறது, ஆனால் அதில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும், ஃபோகஸும் மந்தமாகும். முழு எச்டியில் எடுத்தால் இரண்டு குறைகளும் இல்லை. தொலைக்காட்சியில் பார்க்க அது போதும். ஆர்50 முழு அகலத்தில் நல்ல 4கே எடுக்கும். எதில் எடுத்தாலும் அரங்கேற்றத்தின் மார்க்கத்தை (நிகழ்ச்சி வரிசையை) முழுதாகப் பதிவுசெய்யும் வேலையை வேறொருவரிடம், வேறொரு கருவியில், ட்ரைபாடில் வைத்து ஒப்படைத்துவிடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டும் அரைகுறையாகும்.

சில்லறைச் செலவுகள்: 64 ஜிபி எஸ்டி கார்டுகள் இரண்டு, வி30 என்ற வேகக் குறியீடு உள்ளவையாக, பில்லோடு. போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. ஒரு கூடுதல் பேட்டரி. 200டி-2 வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு பேட்டரியில் ஆயிரம் படங்களுக்கு மேல் தரும். திரை வழியாக எடுத்தால் அது வெகுவாகக் குறையும். மிரர்லெஸ் கேமராக்கள் பொதுவாகவே முந்நூறு நானூறில் நின்றுவிடும். பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோல் உறையிலோ துணிப்பையிலோ மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நான் சொன்ன கேனன் பாடிகளுக்கு நீர்க்காப்பு கிடையாது.

மேடையில் என்ன அமைப்பு வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் 250இல் ஒரு பங்கு, அபெர்ச்சர் எஃப் 2 அல்லது 2.2, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்ச வரம்பு 6400. எஃப் 1.8ஐ முழுதாகத் திறப்பதைவிட ஒரு படி மூடினால் கூர்மை கூடும். கோப்பை ரா வடிவில் (சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் வடிவில்) எடுங்கள். இப்போதைய மேடைகளில் சிவப்பும் நீலமுமாக எல்இடி விளக்குகள் மாறி மாறி விழுகின்றன. சிவப்பு விளக்கில் முகம் ஒரே சிவப்பாகி விவரமே இல்லாமல் போய்விடும். அதற்காக ஒளி அளவை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்து, பிறகு ரா கோப்பில் சரிசெய்துகொள்ளலாம். மிரர்லெஸ் வாங்கினால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் ஆசைகாட்டும். எல்இடி விளக்கின்கீழ் அதை வைத்தால் படம் முழுவதும் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். ஒத்திகையில் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் சத்தம் அமைதியான அரங்கில் கேட்கும் என்பதால், வரிசையின் ஓரத்து இருக்கையில் உட்காருங்கள். பதம் ஆடும்போது விரலை அடக்கி, வர்ணத்திலும் தில்லானாவிலும் தாராளமாக எடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஆடுபவரின் கவனம் சிதறும், மேடை விளக்கு அமைத்தவரின் உழைப்பும் வீணாகும்.

தீபாவளி வரை காத்திருக்கலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. பண்டிகைச் சலுகைகள் புதிய கேமராக்களுக்குத்தான். பல சமயம் அவை விலைக்குறைப்பாக இல்லாமல் பை, கார்டு, ட்ரைபாட் என்று சேர்த்துத் தருவதாகவே இருக்கும். பழையது வாங்குவதென்றால் காத்திருப்பதால் பயன் ஏதுமில்லை. புதியது வாங்குவதென்றாலும் தீபாவளிக்கும் ஜனவரிக்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மாதங்கள்தான். அதற்குள் கேமரா கைக்குப் பழகியாக வேண்டும். இப்போதே பாடியையும் 50 மி.மீட்டரையும் வாங்கிவிடுங்கள். குருவிடம் அனுமதி கேட்டு, மகளின் வாராந்திர வகுப்பில், அரங்கேற்றத்தில் எந்தத் தொலைவில் நிற்பீர்களோ அதே தொலைவில் நின்று எடுத்துப் பழகுங்கள். 55-250ஐப் பிறகு நிதானமாகத் தேடி வாங்கலாம். கூந்தன்குளத்தில் கூடுகட்டும் காலம் அரங்கேற்றம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும்.